எத்தனை இலை ஓடுது

நவம்பர் 24, ஞாயிறு

பொடுசு,

இது உன் கம்பெனியில் கொடுத்த டைரி. நீ இதில் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறாய். மார்ச் மாதத்துப் பக்கத்தில் "அம்மாவுக்குக் கண்ணாடி" என்று. கண்ணாடி அப்போதே வாங்கியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தாள் வீணாகப் போகிறதே என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நீ போய் இன்றைக்குப் பதினெட்டு நாள். டெங்கு என்றார்கள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். வியாழக்கிழமை கருமாதி முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த வடையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

உன் லேப்டாப் டிவிக்குப் பக்கத்து மேசையில் திறந்தபடியே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு நீ தலையை வெளியே நீட்டிச் சொன்னாய்: "ம்மா, லேப்டாப்ப மூடிறாத. ஓடிட்டிருக்குது. நான் வந்து பாத்துக்கறேன்."

மூடவில்லை. உன் சித்தி ஈரத்துணியோடு துடைக்க வந்தாள். தொடாதே என்றேன். பெயின்ட் பிரஷ் ஒன்று கிடந்தது, அதில் நானே தூசி தட்டுகிறேன்.

கறுப்புத் திரையில் நிமிஷத்துக்கு ஒரு வரி புதிதாக விழுகிறது. மணி, பக்கத்தில் ஒரு எண். இன்று சாயங்காலம் 61.

நவம்பர் 26, செவ்வாய்

57.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் உனக்கு என்னதான் வேலை என்று கேட்டேன். "நீ பண்றதேதாம்மா" என்றாய். நான் பொங்கியண்ணன் குரூப்பில் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறப் போகிறவள். பெண்ணை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தது இதற்கா என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

பிறகு சொன்னாய். மில்லுகளில் ஓடுகிற மெஷின்கள், இத்தனை நூல் ஓட்டினோம், இத்தனை தடவை அறுந்தது என்று உங்கள் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளாமல், வாசலில் ஒரு மெஷின் நின்று, நீ இந்தப் பந்திக்குப் போ, நீ அந்தப் பந்திக்குப் போ என்று அனுப்பும். லோட் பேலன்சர் என்று பெயர். மண்டபத்தில் பொங்கியண்ணன் செய்வதுதான்.

சமையல்கட்டிலிருந்து அவரைப் பார்த்து "எத்தன இலை ஓடுது?" என்று கத்துவோம். அந்த மெஷினையும் அப்படிக் கேட்கலாமாம். கேட்பதற்கென்று ஒரு சன்னல் வைத்திருக்கிறார்கள், ஏபிஐ என்பார்கள் என்றாய். இப்போது எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் யார், எப்போது உட்கார்ந்தார்கள், எல்லாம் சொல்லும். நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தச் சன்னலில் போய்க் கேட்டுவிட்டு வரும் வேலையைத்தான் உன் லேப்டாப் செய்துகொண்டிருக்கிறது. நீ வைத்துவிட்டுப் போன வேலை.

நான் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது. எண் தெரியும்.

நவம்பர் 29, வெள்ளி

44. பதினோரு நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம் நிரப்பினேன். ஒரு டிரம் போதும் என்பது நிரப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

எண் ஏன் குறைகிறது என்று யோசித்தேன். நீ சொன்னதுதான்.

அந்த வாசல் மெஷின் பழசு. புதிது வாங்கிவிட்டார்கள். இனிமேல் வருகிற விருந்தாளி எல்லாம் புது மண்டபத்துக்கு. பழைய மண்டபத்தில் ஏற்கெனவே உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அதை மூட வேண்டும். மில் மெஷின்கள் ஒரு தடவை உட்கார்ந்தால் வாரக்கணக்கில் எழுந்திருக்காது. ஆபீசில் எல்லோரும், ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்றார்களாம். நீதான் முடியாது என்றிருக்கிறாய்.

"இலையில உக்காந்தவங்கள எழுப்பக் கூடாதுன்னு நீதானம்மா சொல்லுவ. அதத்தான் மீட்டிங்ல சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க."

கடைசி ஆள் எழுந்து பூஜ்யம் வந்ததும் அந்த மெஷின் தானே அணைந்துவிடும்படி நீயே ஏற்பாடு செய்திருக்கிறாய். அதைச் சொன்ன அன்று ரசத்துக்கு உப்பு அதிகம் என்று சண்டை போட்டாய்.

இன்று 38.

டிசம்பர் 3, செவ்வாய்

பொங்கியண்ணன் வந்தார். கார்த்திகை முகூர்த்தம் ஓய்வில்லாமல் ஓடுகிறது, ஆள் பற்றவில்லை என்றார். ஆனால் என்னைக் கூப்பிட வரவில்லை. கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் வந்திருக்கிறார்.

"ஒடம்பு தேறட்டும் அம்மிணி. மூணு மாசம் போவட்டும்" என்றார்.

"எனக்கு ஒடம்புக்கு என்னங்கண்ணா?"

"இல்ல, சும்மா சொல்றேன்."

லேப்டாப்பைப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். இலை எண்ணுகிறது என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. உன் ஆபீஸ்காரர்களுக்கு இதைப் புரியவைக்கவே நீ மூன்று மீட்டிங் போட்டதாகச் சொன்னாய்.

"பத்து வயசுல எனக்கு இலை எண்ணுனவளாச்சே. கரெக்ட்டா ஒண்ணு சேத்தித்தான் சொல்லுவா. நூத்தி இருவதுன்னு சொன்னா நூத்திப் பத்தொம்போதுதான் இருக்கும். ஒரு நா கேட்டேன், எங்கடா அந்த ஒரு இலைன்னு. கடைசியில அவளுக்கு ஒரு இலை போட்டு வெச்சுட்டு அதையும் சேத்தி எண்ணியிருக்கறா. நான் உக்காரலீன்னா பாயசம் தீந்துரும்ல மாமாங்கறா!"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் எழுந்து போய் வாசலில் நின்று கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தினார். சளி பிடித்திருக்கிறது போல.

டிசம்பர் 6, வெள்ளி

9. ஒரே நாளில் பத்துப்பதினைந்து எழுந்துவிட்டது. ஏதோ மில்லில் வேலைநிறுத்தமாம், செய்தியில் சொன்னார்கள். அரிசியில் வண்டு. வெயிலில் காயப்போட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

1.

காலையில் 2 இருந்தது. பல் தேய்த்துவிட்டு வந்தால் 1. எண்ணுக்குக் கீழே அந்த ஒரு ஆளின் பெயர் வருகிறது. இங்கிலீஷில் இருக்கிறது. யாரோ.

டிசம்பர் 10, செவ்வாய்

1. காலையிலிருந்து 1.

வேப்பிலைக் கட்டு மேசைக்கு மேலே கட்டினேன். பூச்சி வராமல் இருக்க.

டிசம்பர் 11, புதன்

தெருமுனை போஸ்ட்டில் ஈபி காரர்கள் தாள் ஒட்டியிருக்கிறார்கள். நாளை காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை மாதாந்திரப் பராமரிப்பு, கரண்ட் இருக்காது. லேப்டாப் இரண்டு மணி நேரம் தாங்கும். நெட் பெட்டிக்கு நீ வாங்கி மாட்டிய சின்ன பேட்டரி நாலு மணி நேரம். ஏழு மணி நேரத்துக்குப் போதாது.

பொங்கியண்ணனுக்கு போன் பண்ணினேன். மைக்செட் காரரிடம் பெரிய பேட்டரி இருக்குமே என்று கேட்டேன்.

"எதுக்கு அம்மிணி?"

"நெட்டுக்குங்கண்ணா."

"நெட்டுக்கா? சீரியல் பாக்கறதுக்கா?"

"ஆமாங்கண்ணா."

"எத்தன மணிக்கு வேணும்?" என்றார்.

டிசம்பர் 12, வியாழன்

எட்டரைக்கே வந்துவிட்டார்கள். பொங்கியண்ணன், மைக்செட் காரர், தள்ளுவண்டியில் ஒரு இன்வெர்ட்டர், இரண்டு லாரி பேட்டரி. படியில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. மூன்றாவது ஆள் நான்.

இது முருகன் கோயில் தேருக்கு லைட் போட்ட பேட்டரியாம். மைக்செட் காரர் ஏழு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு பேட்டரியின் மேல் நம்பிக்கை இல்லை. மத்தியானம் தக்காளிச் சாதம் செய்தேன். பொங்கியண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நிமிஷத்துக்கு ஒரு தடவை, "ஒண்ணு" என்றார். அடுத்த நிமிஷம், "ஒண்ணு." மைக்செட் காரர், என்ன சீரியல் இது, கதையே நகரவில்லையே என்று கேட்டார்.

நாலு மணிக்கு வர வேண்டிய கரண்ட் நாலேமுக்காலுக்கு வந்தது. 1.

டிசம்பர் 14, சனி

உன்னோடு வேலை செய்கிற தீர்த்தகிரி வந்தான். தர்மபுரிப் பையன், முன்பு ஒரு தடவை நீ கூட்டி வந்திருக்கிறாய், பதினோரு இட்லி சாப்பிட்டானே, அவன். ஆஸ்பத்திரிக்கும் வந்தான், கருமாதிக்கும் வந்தான், இரண்டு இடத்திலும் பேசவில்லை. இன்றைக்கும் அரைமணி நேரம் பேசவில்லை.

பிறகு கேட்டான். "அம்மா, மேகலாவோட லேப்டாப் ஓடிட்டு இருக்குதுங்களா?"

"ஓடுதுங்க தம்பி."

"ஆஃப் பண்ணவே இல்லைங்களா?"

"மூட வேண்டாம்னு சொல்லிட்டுப் போனா."

திரையைப் பார்த்தான். எண்ணைப் பார்த்தான். அதற்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"இது யார்னு தெரியுங்களாம்மா?"

"எனக்கெங்க தம்பி இங்கிலீஷ் தெரியுது."

"சரிங்கம்மா" என்றான்.

தோசை சுட்டேன். ஆறு சாப்பிட்டான், ஏழாவதைப் பாதியில் வைத்துவிட்டான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏதோ ஒரு மில்லு இன்னும் எந்திரிக்கலைங்கம்மா. நாங்க வெயிட் பண்றோம்" என்றான்.

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. காது சிவந்துவிட்டது.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்தது. இனி ஒரு மாதம் முகூர்த்தம் இல்லை. பொங்கியண்ணனுக்கும் வேலை இல்லை. நானும் எல்லோரையும் போல ஆகிவிட்டேன்.

வாசலில் சின்னதாகக் கோலம் போட்டேன். போடலாமா என்று தெரியவில்லை. நாலு புள்ளி.

1.

டிசம்பர் 19, வியாழன்

எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். அந்தப் பெயரை முதல் நாளே எழுத்துக்கூட்டிவிட்டேன். எம், இ, கே, ஏ, எல், ஏ. நடுவில் ஒரு கோடு. அப்புறம் வி, இ, இ, டி, யு. மேகலா, வீடு.

உட்கார்ந்திருக்கிற அந்தக் கடைசி ஆள் நீதான்.

அதற்காக நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அடுத்த மாதமும் வேண்டும் என்று மைக்செட் காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

டிசம்பர் 21, சனி

ஒரு அம்மாள் போன் பண்ணினார், உன் மேனேஜர், சுனந்தா மேடம் என்றார். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசினார். நல்ல மாதிரிதான். லேப்டாப் கம்பெனியுடையது, அவசரம் இல்லை, ஆனால் வருஷக் கடைசிக்குள் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். சரிங்க என்றேன். உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். அதற்கும் சரிங்க என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கேஸ் அடுப்பின் பர்னரைக் கழற்றி ஊசியால் ஓட்டைகளைக் குத்தினேன். தீ இப்போது நன்றாக வருகிறது.

டிசம்பர் 24, செவ்வாய்

தீர்த்தகிரி மறுபடி வந்தான். இந்தத் தடவை அவனாகவே பேசினான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்த ஒரு கனெக்‌ஷன் மில்லு இல்லைங்க."

"தெரியும் தம்பி. மேகலா, வீடு."

அவன் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி கீழே பார்த்தான்.

"இங்கிலீஷ் தெரியாதுன்னீங்க?"

"நீயும் மில்லுன்னு சொன்ன."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு விளக்கினான். ஆபீசில் இருக்கிறவர்கள் சமையல்கட்டு வழியாகப் போய் அந்தச் சன்னலில் கேட்பார்களாம். அது எண்ணிக்கையில் வராது. நீ காய்ச்சலோடு வீட்டிலிருந்து வேலை செய்ததால், கேட்பதற்கே வாசல் வழியாகப் போயிருக்கிறாய். வாசல் மெஷின் உனக்கும் ஒரு இலையைப் போட்டு உட்காரவைத்துவிட்டது. எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கிறவளையே சேர்த்து எண்ணுகிறது. நீ கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் பூஜ்யம் வரவே வராது.

"மேகலா இந்த மாதிரித் தப்பு பண்ண மாட்டாங்கம்மா. நாங்க எழுதற புரோகிராமையெல்லாம் அவங்கதான் திருத்துவாங்க. காய்ச்சல்ல பண்ணியிருக்காங்க."

"காய்ச்சல் இல்ல தம்பி. பத்து வயசுலயே அப்புடித்தான்" என்று பாயசக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்க ஆரம்பித்து வேறு மாதிரி ஆகிவிட்டான். துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு கேட்டேன். "அங்கிருந்து உங்களால எழுப்ப முடியாதா?"

"முடியுங்கம்மா. அதே சன்னல்தான். யார் உக்காந்திருக்காங்கன்னு கேக்கற மாதிரியே, இவங்கள எழுப்புன்னும் சொல்லலாம். ஒரு வரி. ரெண்டு வாரமா டைப் பண்ணி வச்சிருக்கேன். அந்த என்டர்தான் தட்ட முடியல."

"ஏன்?"

"எழுப்பக் கூடாதுன்னு அவங்க வச்ச ரூல். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

அவனுக்கு ஆபீசில் தினமும் ஏச்சு விழுகிறது போல. மேடத்திடம் ஒரு மில்லு, ஒரு மில்லு என்றே சொல்லிவந்திருக்கிறான். எந்த மில்லு, நானே பேசுகிறேன், நம்பர் கொடு என்று நேற்று அவர் கேட்டிருக்கிறார். முப்பத்தொன்றாம் தேதியோடு அந்தப் பழைய மெஷின் நிற்கிற இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். அன்றைக்கு வேறு ஆட்கள் வந்து ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு ரூல் எல்லாம் தெரியாது.

"நீங்களா மூடுனீங்கன்னா அது எழுப்பினது ஆகாதுங்கம்மா" என்றான்.

"மூட வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கறா."

"சரிங்கம்மா."

"வந்து பாத்துக்கறேன்னு சொன்னா."

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவனே கழுவி வைத்தான்.

டிசம்பர் 25, புதன்

1. பக்கத்து வீட்டிலிருந்து கேக் கொடுத்தார்கள். வடைக்குப் பதிலாக இருக்கும்.

டிசம்பர் 28, சனி

பொங்கியண்ணன் கூப்பிட்டார். கோவில்பாளையத்தில் ஒரு கருமாதி. "இதுக்கு நீ வரலாம் அம்மிணி. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு, சொன்னது சரியில்லை என்று அவருக்கே தோன்றியிருக்கும். வண்டியை அவரே எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போனார்.

நீ போன பிறகு லேப்டாப்பைத் தனியே விட்டுவிட்டுப் போனது இன்றுதான் முதல் தடவை. ஸ்விட்சை மூன்று தடவை பார்த்தேன்.

சின்ன வீடு. மேசை, நாற்காலி போட இடம் இல்லை. பந்தலில் பாய் விரித்துத் தரையில்தான் பந்தி. வரிசைக்கு இருபது இலை. எனக்குச் சாம்பார் வாளி. கை மறக்கவில்லை. நம் குரூப்பில் இலை எடுக்கிறவர் ஒவ்வொருவரிடமும் "வயிறு நெறஞ்சுதுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் கை வைக்க வேண்டும், பொங்கியண்ணன் சட்டம், உனக்குத் தெரியும். இங்கேயும் கேட்டோம். சாப்பிட்டவர்கள் இலையை அந்தப் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்கள். துக்க வீட்டில் அப்படித்தான். நல்ல காரியம் என்றால் நம் பக்கமாக.

கடைசிப் பந்தி. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மூலையில் ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். இலையில் ஒன்றும் இல்லை, மடித்தும் வைத்துவிட்டார். கை காய்ந்துபோயிருக்கிறது. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறார். இறந்தவருக்கு வேண்டியவராக இருக்கும், மனசு கனத்திருக்கும் என்று நாங்கள் நாலு பேரும் வாளியோடு தள்ளி நின்றோம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம்.

பொங்கியண்ணன் அடுப்படியிலிருந்து கத்தினார். "எத்தன இலை ஓடுது?"

"ஒண்ணுங்கண்ணா."

"இன்னுமா?"

"உக்காந்திருக்காருங்கண்ணா. எழுப்ப முடியுங்களா?"

அப்போது அந்தப் பெரியவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, நான் சாப்புட்டு அரைமணி நேரமாச்சு. கால் மரத்துப்போச்சுங்க. எந்திரிக்க வரமாட்டீங்குது. யாராச்சும் ஒரு கை குடுப்பீங்கன்னு பாத்துட்டே உக்காந்திருக்கறன். நீங்க எல்லாரும் அப்புடியே மரியாதையா நிக்கறீங்க."

வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கை கொடுத்தேன். எழுந்தார். கனமே இல்லை. "வயிறு நெறஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ நெறஞ்சுதுங்க" என்றார். செருப்பைத் தேடி மாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். 1.

டிசம்பர் 29, ஞாயிறு

தீர்த்தகிரிக்கு போன் பண்ணினேன். நாளை காலை பத்து மணிக்கு வா, சாப்பிடாமல் வா என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை.

பாயசத்துக்கு ஜவ்வரிசி ஊறப்போட்டேன்.

டிசம்பர் 30, திங்கள்

பத்துக்கு முன்பே வந்துவிட்டான். பொங்கியண்ணனும் வந்தார். நான் கூப்பிடவில்லை. இந்தப் பக்கமாக வந்தேன் என்றார். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது.

வேப்பிலைக் கட்டை அவிழ்த்தேன். காய்ந்து சருகாகி இருந்தது. லேப்டாப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாளில் அதற்கு முன்னால் நான் உட்கார்ந்ததில்லை, நின்றுகொண்டேதான் பார்த்திருக்கிறேன். விசைகளில் ஏ எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. உன் நகம் பட்டது.

"எதத் தட்டணும் தம்பி?"

"இந்த கன்ட்ரோல்ங்கறத அமுத்திப் பிடிச்சுக்கிட்டு, சி தட்டுங்கம்மா. கேக்கறது நின்னுரும். இல்ல, நானே வேணும்னா..."

"நீ கையெழுத்துப் போட்டிருக்கற. நான் போடல."

10.14 வரி விழுந்தது. 1. மேகலா, வீடு.

ஒரு கையால் அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் தட்டினேன். கை கொடுப்பது போலத்தான் இருந்தது. அதிலும் கனமே இல்லை.

10.15 வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் அது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

அப்போது தீர்த்தகிரியின் போனில் ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தான். என்னிடம் நீட்டினான். பூஜ்யம் வந்து மெஷின் அணையும்போது எல்லோருக்கும் போகட்டும் என்று நீ முன்கூட்டியே எழுதி வைத்த செய்தியாம். அப்படி ஒன்று இருப்பது அவனுக்கே தெரியாதாம். தமிழில் இருந்தது. நானே வாய்விட்டுப் படித்தேன்.

"பந்தி முடிஞ்சுது. இலை எடுக்கலாம். இப்படிக்கு, பொடுசு."

ஆபீசில் முப்பது பேருக்கு இது போயிருக்கும். பொடுசு யார் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"பாரு, வாசல்ல நிக்கறவ மாதிரியே சொல்றா" என்றார் பொங்கியண்ணன். மூக்கைச் சிந்தினார். இன்னும் சளி விடவில்லை அவருக்கு.

லேப்டாப்பின் மேல் பாதியைப் பிடித்து மடித்தேன். அது நம் பக்கமாகத்தான் மடிகிறது. தெரிந்தேதான் அப்படிச் செய்திருப்பார்கள்.

பிறகு பாய் விரித்து நாலு இலை போட்டேன். தீர்த்தகிரி எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு பேர்தானேம்மா?" என்றான். பொங்கியண்ணன், "ஒண்ணு சேத்தித்தான் எண்ணோணும், நீ உக்காரு சாமி" என்றார். பாயசம் மிச்சமில்லாமல் தீர்ந்தது. நாலாவது இலைக்கு முதலிலேயே வைத்துவிட்டேன்.

தீர்த்தகிரி லேப்டாப்பைப் பையில் போட்டுத் தோளில் மாட்டாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படி இறங்கினான். மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாக இருக்கிறது.

பொங்கியண்ணனும் போன பிறகு இலைகளை எடுத்தேன். நாலாவது இலையில் கை வைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. முப்பது வருஷமாக யார் இலையையும் அதைக் கேட்காமல் எடுத்ததில்லை. அந்தப் பெரியவரிடம்கூடக் கேட்டேன். இன்று காலையில் அந்த இரண்டு விசையை அழுத்துவதற்கு முன்னால் உன்னிடம் கேட்க மறந்துவிட்டேன். இருபத்தேழு வயசு. உட்கார்ந்ததே இப்போதுதான்.

வயிறு நெறஞ்சுதா, பொடுசு?